கொறட்டை சத்தத்த விடுங்க, சத்தம் எங்க நிக்குதுன்னு பாருங்க

கேள்வி: வணக்கங்க டாக்டர். நாங்க ஈரோடு பக்கம். எங்க வீட்டுக்காரருக்கு வயசு 44, எடை 96 கிலோ, சொந்தமா மினி லாரி ஓட்டறாருங்க. கொறட்டை கல்யாணம் ஆனதுல இருந்தே இருக்குதுங்க, ஆனா ஒரு வருசமா நடுவுல மூச்சு அப்படியே நின்னுருது, நான் பயந்து போயி உலுக்கினா 'ஹக்'னு முழிச்சு திரும்பி படுத்துக்கறாரு. பிபிக்கு மூணு மாத்திரை போட்டும் குறையல. பையனுக்கு 6 வயசு, ஒல்லியாத்தான் இருப்பான், அவனும் வாயத் தொறந்துட்டு கொறட்டை விடறான், நின்னு போயிருந்த படுக்கைல ஒண்ணுக்கு போறது திரும்ப ஆரம்பிச்சிருச்சு. ஸ்கூல் மிஸ் வேற ஒரு எடத்துல உக்கார மாட்டேங்கறான்னு சொல்றாங்க. எங்க அத்தை 'அப்பன மாதிரியே அசந்து தூங்கறான்'னு சிரிக்கறாங்க. ரெண்டு பேருக்கும் ஒரே வியாதிங்களா? டான்சில் ஆபரேசன் பண்ணா எதிர்ப்பு சக்தி போயிரும்ங்கறாங்களே, நெசமாங்க?

பதில்: வணக்கம்மா. மத்தத எல்லாம் அப்புறம் பேசலாம், முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், டெஸ்ட் பண்ணி வைத்தியம் ஆரம்பிக்கற வரைக்கும் அவர நைட் லோடுக்கு அனுப்பாதீங்க. பகல்லயும் கண்ணு சொக்குச்சுன்னா ஓட்ட வேணாம். 'எனக்கு தூக்கமே வரல, நல்லாத்தான் இருக்கேன்'னு சொல்வாரு, எல்லா டிரைவரும் என்கிட்ட அதத்தான் சொல்றாங்க, ஆனா வெயிட்டிங் ஹால்ல சேர்ல உக்காந்த அஞ்சாவது நிமிஷம் தலை தொங்கிடும், சிஸ்டர் பேர் சொல்லி மூணு தடவ கூப்பிடணும். பாதி தூக்கத்துலயே வருஷக்கணக்கா வாழ்ந்தவருக்கு முழிப்புன்னா எப்படி இருக்கும்னே மறந்து போயிருக்கும்.

நீங்க சொல்றத வச்சு பாத்தா ரெண்டு பேருக்குமே தூக்கத்துல மூச்சடைப்பு, ஸ்லீப் ஆப்னியான்னு சொல்றோமே, அது இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு. பேரு ஒண்ணுதான், ஆனா அடைக்கற காரணம், வெளிய தெரியற விதம், வைத்தியம் மூணுமே வேற வேற.

தோட்டத்துக்கு தண்ணி விட சப்பையா சுருட்டி வைப்பாங்களே அந்த ஹோஸ் உங்க ஊர்ல எல்லார் வீட்லயும் இருக்கும். அத மோட்டார் தள்ளுற பக்கம் மாட்டினா உப்பிக்கிட்டு ஜம்முனு தண்ணி போகும், அதையே உறிஞ்சற பக்கம் மாட்டிப் பாருங்க, மோட்டார் இழுக்க இழுக்க ஹோஸ் ஒட்டிக்கும், சொட்டு தண்ணி வராது. தொண்டை அந்த மாதிரி மெல்லிசான ஹோஸ்தான். முழிச்சிருக்கறப்ப தசைங்க இழுத்துப் பிடிச்சு தொறந்து வச்சிருக்கும், தூங்கினதும் தசை தளரும், நாக்கு பின்னாடி சரியும், கழுத்துல கொழுப்பு வேற அமுக்கும், அவர் மூச்ச உள்ள இழுக்க இழுக்க தொண்டை ஒட்டிக்குது. பாதி ஒட்டினா கொறட்டை, முழுசா ஒட்டினா அமைதி. அந்த அமைதிதான் ஆபத்து. ரத்தத்துல ஆக்சிஜன் இறங்கும், மூளை பதறிப்போய் லேசா எழுப்பிவிடும், நீங்க கேக்கற 'ஹக்' அதுதான். காலைல அவருக்கு எதுவும் ஞாபகம் இருக்காது, 8 மணி நேரம் தூங்கினேன்னு நினைச்சுப்பாரு.

பெரியவங்களுக்கு 10 செகண்டாவது மூச்சு நின்னாதான் ஒரு தடவைன்னு கணக்கு. மூச்சு முழுசா நிக்கறது, பாதியா குறையறது ரெண்டையும் சேத்து ஒரு மணி நேரத்துக்கு எத்தனைன்னு ஸ்லீப் ஸ்டடில, அதாவது தூங்கறப்ப மெஷின் மாட்டி மூச்ச பாக்கற டெஸ்ட்ல எண்ணுவாங்க. 5க்கு கீழ நார்மல், 15 வரைக்கும் லேசு, 30 வரைக்கும் நடுத்தரம், அதுக்கு மேல தீவிரம். 30ன்னா யோசிச்சுப் பாருங்க, ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவ ஒருத்தர் உங்கள தட்டி எழுப்பிக்கிட்டே இருக்கற மாதிரி. ஒவ்வொரு தடவையும் பிபி எகிறும், அதனாலதான் மாத்திரை மேல மாத்திரை போட்டும் அவருக்கு இறங்காம இருக்கலாம், மூணு மாத்திரைக்கு அடங்காத பிபின்னா நாங்க தேட வேண்டிய காரணங்கள்ல இது ரொம்ப முக்கியமானது. கவனிக்காம விட்டா ஹார்ட் துடிப்பு தாறுமாறா ஆகறது, பக்கவாதம், சுகர்னு இழுத்துட்டுப் போகும்.

அவருக்கு ஸ்லீப் ஸ்டடிய வீட்லயே மெஷின் மாட்டி பண்ற மாதிரியும் இருக்கு, நெஞ்சக டாக்டர பாருங்க. கூடவே தைராய்டு ஒரு தடவ பாத்துடுங்க, அது கம்மியா இருந்தாலும் இந்தப் பிரச்சனை வரும். ரிசல்ட் நடுத்தரமோ தீவிரமோன்னு வந்தா மூக்குல மாஸ்க் மாட்டி காத்து தள்ளற சிபேப் மெஷின்தான் முதல் சாய்ஸ். கொரோனாவுக்கு அப்புறம் மாஸ்க்க காட்டினாலே வென்டிலேட்டரான்னு குடும்பமே அழ ஆரம்பிக்குது, அதெல்லாம் இல்லம்மா, அதுல ஆக்சிஜன் கூட கிடையாது, ரூம் காத்தத்தான் லேசான அழுத்தத்துல மூக்கு வழியா தள்ளும், அதாவது அந்த ஹோஸ உறிஞ்சற பக்கத்துல இருந்து கழட்டி தள்ளுற பக்கம் மாட்டறோம், அவ்ளோதான். இது வர்றதுக்கு முன்னாடி ரொம்ப முத்தின கேஸுக்கு கழுத்துல ஓட்டை போட்டு டியூப் வைப்பாங்க. 1981ல சிட்னில காலின் சல்லிவன்னு ஒரு டாக்டர்தான் காத்த தள்ளியே தொண்டைய தொறந்து வைக்கலாம்னு செஞ்சு காட்டினாரு, ஆரம்பத்துல அந்த மெஷின் போடற சத்தத்துக்கு கொறட்டையே தேவலாம்னு இருந்திருக்கும், இப்ப வர்றது தலைமாட்டுல வைக்கற சைஸ்தான், சத்தமும் கம்மி.

முதல் ரெண்டு வாரம் கஷ்டப்படுவாரு, மூக்கு காயும், மாஸ்க் ஓரத்துல காத்து லீக் ஆகி கண்ணுல அடிக்கும், தூக்கி வீசிட்டு 'இது எனக்கு செட் ஆகல'ம்பாரு. முக்காவாசி பேருக்கு குத்தம் மெஷின்ல இல்ல, மாஸ்க் சைஸ்ல. மாத்திக் குடுக்கச் சொல்லி கேளுங்க, ஈரப்பதம் குடுக்கற பெட்டியும் மாட்டச் சொல்லுங்க. கரண்ட் போனா இன்வெர்ட்டர் தாங்குமான்னும் முன்னாடியே பாத்துக்கோங்க.

எடை குறைக்கறது கண்டிப்பா வேணும், எடைல 10 சதவீதம் குறைஞ்சா மூச்சு நிக்கற எண்ணிக்கை சுமார் கால்வாசி குறையுதுன்னு அமெரிக்காவுல விஸ்கான்சின்ல பல வருஷம் பாத்து சொல்லிருக்காங்க, ஆனா எடை குறைஞ்சதும் பாத்துக்கலாம்னு மெஷின தள்ளிப் போடாதீங்க, ரெண்டும் சேந்தே நடக்கட்டும். எடை குறைக்கற டிர்செபடைட் ஊசிய குண்டா இருக்கறவங்களோட மூச்சடைப்புக்குன்னே அமெரிக்காவுல 2024 டிசம்பர்ல அனுமதிச்சாங்க, அத டாக்டர் பாத்து முடிவு பண்ணணும், மெடிக்கல்ல கேட்டு வாங்கறதில்ல. ராத்திரி குடிக்கற பழக்கம் இருந்தா நிறுத்தணும், தூக்க மாத்திரை தொடவே கூடாது, ரெண்டுமே தொண்டைய இன்னும் தளர்த்தும். மல்லாக்க படுத்தா மட்டும் வர்ற லேசான கேஸுக்கு பனியன் முதுகுல டென்னிஸ் பால் ஒண்ண வச்சு தைக்கச் சொல்வேன், சிரிக்காதீங்க, சில பேருக்கு நல்லாவே வேலை செய்யுது.

இப்ப குட்டிப் பையன். எனக்கு அப்பாவ விட இவன் மேலதான் அக்கறை, ஏன்னா இவன யாரும் நோயாளியா பாக்க மாட்டாங்க. பெரியவங்களுக்கு தூக்கம் கெட்டா பகல்ல சாமியாடுவாங்க, புள்ளைங்க அப்படி இல்ல, தூக்கம் கெட்டா குதிக்கும், கத்தும், உக்காராது. மிஸ் சொல்ற கம்ப்ளெயின்ட் அதனாலயே இருக்கலாம், கவனக்குறைவு வியாதின்னு முத்திரை குத்தறதுக்கு முன்னாடி தூக்கத்த பாக்கணும். படுக்கைல ஒண்ணுக்கு போறதும் சேட்டை இல்ல, அடிச்சிடாதீங்க, அடைச்ச தொண்டையோட மூச்ச இழுக்கறப்ப நெஞ்சுக்குள்ள ஏற்படற இழுவைல ஹார்ட் ஒரு ஹார்மோன சுரக்குது, அது யூரின அதிகமாக்கிடும். உங்க வீட்டுக்காரர் ராத்திரில மூணு நாலு தடவ எந்திரிச்சு போறாரான்னு கவனிங்க, அதுக்கும் காரணம் இதுவா இருக்கலாம். ஒல்லியா இருக்கான்னு சொன்னீங்க, வளர்ச்சி ஹார்மோன் ஆழ்ந்த தூக்கத்துலதான் நல்லா சுரக்கும், ராத்திரி முழுக்க மூச்சுக்கு மல்லுக்கட்டற புள்ளைக்கு எடை எங்க ஏறும்.

அவனுக்கு பெரும்பாலும் காரணம் டான்சிலும், மூக்குக்குப் பின்னாடி இருக்கற அடினாய்டு சதையும்தான். 2ல இருந்து 8 வயசு வரைக்கும் தொண்டை சைஸுக்கு அதுங்க பெருசா இருக்கும். இன்னொரு விஷயம் ரிப்போர்ட் பாக்கறப்ப ஞாபகம் வச்சுக்கோங்க, குழந்தைக்கு மூச்சு அடைக்கறது ஒரு மணி நேரத்துக்கு 1க்கு மேல போனாலே நார்மல் இல்ல. அப்பா ரிப்போர்ட்ல 4ன்னு வந்தா நார்மல்னு எழுதுவோம், அதே 4 பையனுக்கு வந்தா வியாதி.

ஆபரேசன் எல்லாருக்கும் உடனே தேவைப்படாது. 2013ல அமெரிக்காவுல 5ல இருந்து 9 வயசு வரைக்கும் உள்ள 464 புள்ளைங்கள ரெண்டா பிரிச்சு ஒரு பாதிக்கு ஆபரேசன், மறுபாதிக்கு பொறுத்திருந்து பாக்கறதுன்னு வச்சாங்க, 7 மாசம் கழிச்சு ஆபரேசன் பண்ணதுல 79 சதவீதம் பேருக்கு ஸ்லீப் ஸ்டடி சரியாச்சு, சும்மா விட்டதுலயும் 46 சதவீதம் பேருக்கு தானா சரியாச்சு. ஆனா ஆபரேசன் பண்ண புள்ளைங்களோட நடத்தையும் தூக்கமும் நல்லாவே மாறிச்சு, ரொம்ப ஆக்சிஜன் இறங்கற புள்ளைங்கள அந்த ஆய்வுல சேக்கவும் இல்ல. அதனால லேசுன்னா மூக்குல அடிக்கற ஸ்டீராய்டு ஸ்பிரே சில வாரம் குடுத்துப் பாக்கலாம், நடுத்தரத்துக்கு மேல போச்சுன்னா, இல்ல உங்க பையன் மாதிரி எடையும் படிப்பும் அடி வாங்குதுன்னா, நான் ஆபரேசன் பக்கம்தான் நிப்பேன்.

எதிர்ப்பு சக்தி போகாதும்மா. டான்சில் மாதிரி வேலை செய்யற சதை தொண்டைலயும் உடம்புலயும் இன்னும் எவ்வளவோ இருக்கு. பயப்பட வேண்டியது அதுக்கு இல்ல, ரத்தத்துக்கு. ஆபரேசன் முடிஞ்ச 5ல இருந்து 10 நாளுக்குள்ள பொறுக்கு உதிரறப்ப ரத்தம் வரலாம், அப்படி துப்பினான்னா விடியட்டும்னு காத்திருக்காம உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும். வலில தண்ணி குடிக்க மாட்டான், கெஞ்சிக் கூத்தாடி குடிக்க வைங்க, ஐஸ்கிரீமும் குடுக்கலாம். கோடீன் கலந்த சிரப் மட்டும் குடுக்கவே கூடாது, சில புள்ளைங்க உடம்புல அது வேகமா மாறி மூச்சையே நிறுத்திடும். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரில ஈஎன்டி பிரிவுல இந்த ஆபரேசன் பண்றாங்க, செலவ நினைச்சு தள்ளிப் போட வேணாம்.

டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி ரெண்டு பேரையும் செல்போன்ல வீடியோ எடுத்துட்டுப் போங்க. விடிகாலை 4 மணி வாக்குல எடுங்க, அப்பதான் அடைப்பு அதிகமா வரும். பையனோட பனியன தூக்கி விட்டு நெஞ்சுக்குழி உள்ள இழுக்கறது தெரியற மாதிரி எடுங்க, ஃபேன அஞ்சு நிமிஷம் நிறுத்திடுங்க, இல்லன்னா ஃபேன் சத்தம்தான் பதிவாகும். பக்கத்துல உங்க அத்தையையும் உக்கார வச்சுக்கோங்க.