எந்த ஆண்டு பாக்ஸ்டரை வாங்குவது?

அன்புள்ள ஐயா,

கார்களின் எஞ்சின்களைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். ஓஹையோ மாநிலத்தில் கொலம்பஸ் நகருக்கு அருகில் வசிக்கிறேன். போர்ஷேயின் இரட்டை இருக்கைக் காரான பாக்ஸ்டர் ஒன்று வாங்க வேண்டும் என்பது பல ஆண்டு ஆசை. இப்போதுதான் அதற்குப் பணம் சேர்ந்திருக்கிறது. மூன்று கார்களைப் பார்த்து வைத்திருக்கிறேன். முதலாவது 2002 மாடல் பாக்ஸ்டர் எஸ், அதாவது திறன் கூடிய வகை. 26,000 மைல்தான் ஓடியிருக்கிறது, ஒரே உரிமையாளர், விலையும் மற்றவற்றைவிடக் குறைவு. இரண்டாவது 2007 மாடல் பாக்ஸ்டர் எஸ், 58,000 மைல். மூன்றாவது 2009 மாடல் சாதாரண பாக்ஸ்டர். 84,000 மைல், இரண்டு கை மாறியது, ஆனால் பராமரிப்பு ரசீதுகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. மூன்றும் கையால் கியர் மாற்றுபவை. குறைவாக ஓடிய 2002 காரின் பக்கம்தான் மனம் சாய்கிறது. நண்பர்களோ ஐ.எம்.எஸ். பேரிங் என்று சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். ஆண்டைப் பார்ப்பதா, மைலைப் பார்ப்பதா, ரசீதைப் பார்ப்பதா? கோடையில் அலுவலகத்துக்கும் வார இறுதிகளிலும் ஓட்டுவதற்குத்தான் கார். பந்தயத் தடத்துக்குக் கொண்டுபோகும் எண்ணம் இல்லை.

அன்புடன்,
ஒரு வாசகர், ஓஹையோ

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் இடத்தில் நான் இருந்தால் 2009 காரை வாங்குவேன். அதிகம் ஓடியது என்பதற்காக நீங்கள் கடைசியில் வைத்திருக்கும் கார் அதுதான் என்பதால், காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

பாக்ஸ்டரைப் பொறுத்தவரை எந்த ஆண்டு என்று கேட்பது, உள்ளே எந்த எஞ்சின் இருக்கிறது என்று கேட்பதுதான். 1996இல் ஐரோப்பாவில் அறிமுகமாகி, அமெரிக்காவில் 1997 மாடலாக விற்பனைக்கு வந்த முதல் தலைமுறைக்கு 986 என்று பெயர். 2005 மாடலிலிருந்து 987. வெளித்தோற்றத்தை வைத்துப் பார்த்தால் இந்த இடத்தில்தான் கோடு விழுகிறது. ஆனால் வாங்குபவருக்கு முக்கியமான கோடு 987இன் நடுவே, 2009 மாடலில் விழுகிறது. அந்த ஆண்டில்தான் போர்ஷே பழைய எஞ்சின் குடும்பத்தை முழுவதும் கைவிட்டுப் புதிதாக வடிவமைத்த எஞ்சினைப் பொருத்தியது.

உங்கள் நண்பர்கள் சொல்லும் ஐ.எம்.எஸ். என்பது பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் முதன்மைத் தண்டான கிராங்க் ஷாஃப்டுக்குக் கீழே ஓடும் இடைத்தண்டு. கிராங்க் ஷாஃப்ட் ஒரு செயினால் இந்தத் தண்டைச் சுழற்றும்; தண்டின் இரு முனைகளிலிருந்தும் கிளம்பும் செயின்கள் வால்வுகளைத் திறந்து மூடும் இரு பக்கத்துக் கேம் ஷாஃப்டுகளையும் சுழற்றும். போர்ஷேயின் மற்றொரு காரான 911இன், காற்றால் குளிரூட்டப்பட்ட பழைய எஞ்சின்களிலும் இப்படி ஒரு தண்டு இருந்தது. ஆனால் அங்கே அது அழுத்தத்துடன் வரும் எஞ்சின் ஆயிலில் மிதக்கும் உலோகப் புஷ்களில் ஓடியது. 1990களின் தொடக்கத்தில் நிறுவனம் கடும் நிதி நெருக்கடியில் இருந்தபோது, செலவைக் குறைப்பதற்காக பாக்ஸ்டரும் புதிய 911ஆன 996உம் முன்பகுதியையும் எஞ்சின் குடும்பத்தையும் பகிர்ந்துகொள்ளும்படி வடிவமைக்கப்பட்டன. தண்ணீரால் குளிரூட்டப்பட்ட அந்தப் புதிய எஞ்சினில், கியர்பாக்ஸ் பக்கத்து முனைக்கு மட்டும் கிரீஸ் நிரப்பி மூடிய பந்து பேரிங் ஒன்றைப் பொருத்தினார்கள். காலப்போக்கில் எஞ்சின் ஆயில் பேரிங்கின் மூடியைத் தாண்டி உள்ளே கசிந்து கிரீஸைக் கழுவிவிடுகிறது. கசிந்த ஆயில் வெளியேறவும் வழியில்லை, புது ஆயில் உள்ளே வரவும் வழியில்லை. பேரிங் தேய்ந்து உடைந்தால் தண்டு ஆடும், செயின் தன் இடத்தைவிட்டு நழுவும், வால்வுகள் பிஸ்டன்களில் மோதும். அதற்குப் பிறகு பழுது பார்ப்பதற்கு எதுவும் மிஞ்சாது, வேறு எஞ்சின்தான்.

இந்தப் பேரிங்கிலும் மூன்று வகை உண்டு. தொடக்கக் கார்களில், ஏறத்தாழ 2000 மாடல் வரை, இரட்டை வரிசைப் பேரிங். அது ஓரளவு உறுதியானது. அதன்பின் 2005 வரை ஒற்றை வரிசையில் சிறிய பேரிங். மூன்றில் மிகவும் பலவீனமானது இதுவே. 2005இன் போக்கில் தொடங்கி 2008 முடிய அளவில் பெரிய ஒற்றை வரிசைப் பேரிங்; இது அரிதாகவே உடைகிறது, ஆனால் எஞ்சின் கூட்டைப் பிளக்காமல் வெளியே எடுக்க முடியாது. முதல் இரண்டையும் கியர்பாக்ஸைக் கழற்றிய நிலையிலேயே மாற்றிவிடலாம். அமெரிக்காவில் இது குறித்து உரிமையாளர்கள் பலர் சேர்ந்து நடத்திய குழு வழக்கு 2013இல் சமரசத்தில் முடிந்தது. 2001 மே 4 முதல் 2005 பிப்ரவரி 21 வரை தயாரான கார்களுக்கே அது பொருந்தியது. பழுதுச் செலவை ஈடுகட்டுவதாக அதில் தந்த உறுதிக்கும் முதல் விற்பனையிலிருந்து 10 ஆண்டு என்ற வரம்பு இருந்ததால், இன்று யாருக்கும் அதனால் பயனில்லை.

உங்கள் 2002 எஸ் சரியாக அந்தப் பலவீனமான வகைக்குள் வருகிறது. பெரும்பாலான கார்களில் இந்தப் பேரிங் உடைவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இணையத்தில் காட்டப்படும் அளவுக்குப் பயப்படத் தேவையில்லை. என்னைத் தயங்கவைப்பது அந்த 26,000 மைல்தான். இருபது ஆண்டுக்கு மேலான வயதில் இவ்வளவுதான் ஓடியிருக்கிறது என்றால், மாதக்கணக்கில் நின்ற இடத்திலேயே நின்றிருக்கிறது. குறைந்த தூரம் ஓட்டி நிறுத்தும் காரில் ஆயில் முழுச் சூட்டுக்கு வராமல் ஈரமும் அமிலமும் சேரும்; ஓட்டவில்லையே என்று உரிமையாளரும் ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போடுவார். ரப்பர் சீல்கள் காய்ந்திருக்கும்; கூலன்ட் தொட்டியின் பிளாஸ்டிக் விரிசல் விடும் வயதைக் கடந்திருக்கும். 2002 வரை வந்த கார்களின் மடக்குக் கூரையில் பின்கண்ணாடியும் பிளாஸ்டிக்தான். குளிரில் மடக்கினால் வெடிக்கும். (2003 மாடலில்தான் கண்ணாடி வந்தது. கையுறைப் பெட்டியும் அந்த ஆண்டில்தான் வந்தது. அதுவரை, இந்த விலைக்கு விற்ற ஒரு காரில் காகிதங்களை வைக்க ஒரு பெட்டிகூட இல்லை என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.) ஆகவே குறைந்த மைலுக்காக அந்தக் காரை விரும்பினால், பேரிங், கிளட்ச், கிராங்க் ஷாஃப்டின் பின்புற சீல் ஆகிய மூன்றையும் ஒரே வேலையாக மாற்றும் செலவை இப்போதே விலையோடு கூட்டிப் பாருங்கள். அதற்கு முன், ஆயில் ஃபில்டரின் காகித மடிப்புகளைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். உலோகத் துகள்கள் மின்னினால் பேரிங்கை மாற்றியும் பயனில்லை, விலகிவிடுவது நல்லது.

2007 எஸ், ஓட்டுவதற்கு 2002ஐவிட மிகச் சிறந்த கார். 3.4 லிட்டர், 295 குதிரைத் திறன். பெரிய பேரிங் என்பதால் முன்சொன்ன கவலையும் குறைவு. ஆனால் அதில் வேறொரு நோய் இருக்கிறது. பேரிங்கைப் பற்றி ஊர் முழுக்கப் பேசியதில் இதைப் பலர் கவனிப்பதில்லை. இந்த எஞ்சின்களின் சிலிண்டர் சுவர் தனி இரும்பு உறை இல்லாமல், சிலிக்கான் கலந்த அலுமினியத்தால் ஆனது. பிஸ்டனின் மேற்பூச்சு தேய்ந்துபோனால் அலுமினியத்தின் மேல் அலுமினியம் உராய்ந்து சுவரில் கீறல்கள் விழுகின்றன. 2.7 லிட்டர் எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 85.5 மில்லிமீட்டர், 3.4இல் 96. பெரிய விட்டமுள்ள 3.4, 3.6, 3.8 லிட்டர் எஞ்சின்களில்தான் இந்தக் கீறல் அதிகம் காணப்படுகிறது. குளிர்ப் பிரதேசங்களில் இன்னும் அதிகம் என்பது இவற்றைப் பிரித்துப் பார்க்கும் பட்டறைக்காரர்கள் பரவலாகச் சொல்வது. ஓஹையோவின் குளிர்காலத்தை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கீறல் விழுந்துவிட்டால் சிலிண்டர்களுக்குப் புது உறை போட வேண்டும், அல்லது எஞ்சினையே மாற்ற வேண்டும். எனவே 2007 எஸ் காரை விரும்பினால், எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தட்டைக் கழற்றி, சிறு கேமராவைச் செலுத்தி, ஆறு சிலிண்டர்களின் சுவர்களையும் பார்க்க விற்பவர் சம்மதிக்க வேண்டும். தீப்பொறி பிளக் துளை வழியாகப் பார்ப்பது போதாது. கீறல் பெரும்பாலும் அங்கிருந்து தெரியாத கீழ்ப்பகுதியில் தொடங்குகிறது. விற்பவர் மறுத்தால் அந்தக் காரை விட்டுவிடுங்கள்.

இனி 2009. இதன் எஞ்சினில் இடைத்தண்டே கிடையாது. கேம் ஷாஃப்ட் செயின்கள் நேராகக் கிராங்க் ஷாஃப்டிலிருந்து ஓடுகின்றன. சிலிண்டர் கீறல் இந்தக் குடும்பத்தில் அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் மிகக் குறைவு. நீங்கள் பார்த்திருக்கும் சாதாரண பாக்ஸ்டரில் 2.9 லிட்டர், 255 குதிரைத் திறன். அதே ஆண்டின் எஸ் 310 குதிரைத் திறனுள்ளது. அதில் பெட்ரோல் நேரடியாக சிலிண்டருக்குள் பீச்சப்படுகிறது. 2.9இல் பழைய முறைப்படி உட்செல்லும் வழியிலேயே பீச்சப்படுவதால் வால்வுகளைப் பெட்ரோல் கழுவிக்கொண்டே இருக்கிறது, கரி படிவதில்லை, தொல்லை தரக்கூடிய உயர் அழுத்தப் பம்பும் இல்லை. பந்தயத் தடத்துக்குப் போகாத உங்களுக்கு 55 குதிரைத் திறனின் குறை தெரியப் போவதில்லை. ஸ்டியரிங்கும் ஹைட்ராலிக் முறையிலானது. அடுத்து 2013 மாடலாக வந்த 981இல் அதை மின்சார ஸ்டியரிங்காக மாற்றிவிட்டார்கள். கையில் சாலை தெரிய வேண்டும் என்று விரும்புகிற என்னைப் போன்றவர்களுக்கு இதுவும் ஒரு காரணம்.

ஒழுங்காகப் பராமரித்த 84,000 மைல் இந்த எஞ்சினுக்குப் பெரிய வயதல்ல. ரசீதுகளில் மொத்தச் செலவைப் பார்க்க வேண்டாம். ஆயில் மாற்றிய தேதிகளுக்கு இடையே உள்ள இடைவெளியைப் பாருங்கள். மைல் எவ்வளவு குறைவாக ஓடியிருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்றியிருக்க வேண்டும். பரிசோதனைக்கு, காரை விற்பவரோடு தொடர்பில்லாத, போர்ஷே வேலை தெரிந்த ஒரு பட்டறைக்கு அனுப்பி, எஞ்சின் கணினியில் பதிவாகியிருக்கும் மிகைச் சுழற்சி அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். எல்லை தாண்டி எஞ்சின் சுழன்ற கணங்களை அது ஆறு நிலைகளாகப் பிரித்துக் காட்டும். கீழ்நிலைகளில் எண்கள் இருப்பது இயல்பு. மேல்நிலைகளில், அதுவும் அண்மைய ஓட்ட நேரத்தில் பதிவாகியிருந்தால், யாரோ ஐந்தாவது கியருக்குப் பதிலாக மூன்றாவதைப் போட்டிருக்கிறார்கள் என்று பொருள். மடக்குக் கூரையின் வடிகால்கள் அடைபட்டால் தண்ணீர் தரைவிரிப்புக்கு அடியில் இறங்கி, இருக்கையின் கீழுள்ள மின்னணுப் பெட்டியைக் கெடுக்கும். விரிப்பைத் தூக்கிக் கையால் தொட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. விளம்பரத்தில் 2009 என்று இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். விற்காமல் தேங்கிய 2008 மாடல் கார்கள் 2009இல் பதிவாகியிருக்கலாம். அவற்றில் இருப்பது பழைய எஞ்சின். அடிச்சட்ட எண்ணின் பத்தாவது எழுத்து மாடல் ஆண்டைச் சொல்லும்: 8 என்றால் 2008, 9 என்றால் 2009, ஏ என்றால் 2010. பதினொன்றாவது எழுத்து, கார் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் தயாரானதா பின்லாந்தின் ஊசிகௌபுங்கியில் தயாரானதா என்று சொல்லும். அதை வைத்து விலை பேசுபவர்களும் உண்டு, நீங்கள் அதற்குக் காது கொடுக்க வேண்டாம்.

பரிசோதனையில் 2009 கார் தேறாவிட்டால், உடனே 2002க்குத் திரும்பாதீர்கள். 2006 முதல் 2008 வரையிலான சாதாரண 2.7 லிட்டர் பாக்ஸ்டர் ஒன்றைத் தேடுங்கள். பெரிய பேரிங்கும் சிறிய சிலிண்டரும் சேர்ந்த அந்த எஞ்சின்தான் பழைய குடும்பத்தில் கவலை குறைந்தது, எஸ் அல்ல என்பதால் விலையும் அடக்கமாக இருக்கும். 2005 மாடலில் இரண்டு வகைப் பேரிங்கும் கலந்து வந்ததால், கியர்பாக்ஸைக் கழற்றாமல் எது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால்தான் அந்த ஆண்டை விட்டுவிட்டேன்.

எந்தக் காரைப் பார்க்கப் போனாலும், நீங்கள் வரும்வரை எஞ்சினை இயக்க வேண்டாம் என்று விற்பவரிடம் முந்தைய நாளே சொல்லி வையுங்கள். போனதும் எஞ்சின் கூட்டைத் தொட்டு, குளிர்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகு சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். கிளம்பும்போது சிறிது புகை வருவது சிலிண்டர்கள் இருபுறமும் படுத்திருக்கும் இந்தப் படுக்கை எஞ்சின்களின் இயல்பு. அதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. வெண்புகை நிற்காமல் மண்டினால் ஆயில் ஆவியைப் பிரிக்கும் பாகம் கெட்டிருக்கிறது. அதை மாற்றிவிடலாம், விலையில் கழித்துக் கேளுங்கள். சூடேறிய பிறகும் சீராகத் தட்டும் ஓசை கேட்டால் அந்தக் காரைக் கேமரா பரிசோதனை இல்லாமல் வாங்காதீர்கள்.

அன்புடன்.