ஆங்கிலத்தின் ‘த’வும் எங்கள் ‘ஐ’யும்

வணக்கம் ஐயா. யாழ்ப்பாணத்துக் கோப்பாயிலிருந்து எழுதுகிறேன். இந்த முறை ஓ.எல். (சாதாரண தரச்) சோதனை எடுக்கிறேன். ஆங்கிலத்தில் ‘எ’ (a), ‘த’ (the) போடுற இடமும் பிழைக்குது, சொற்களின் ஒழுங்கும் பிழைக்குது. ‘மை ஃபாதர் இஸ் டீச்சர்’ என்று எழுதிப் புள்ளி போச்சு. தமிழில் இல்லாத ஒன்றை நாங்கள் எப்படிப் பிடிக்கிறது? நல்ல கிராமர் புத்தகம் ஒன்று சொல்லுங்கோ. என்னுடைய உச்சரிப்பும் சரியில்லை.
– ஒரு வாசகி

அன்பான பிள்ளை,

உச்சரிப்பை இப்போதைக்கு விடும். எழுத்துத் தாளில் அதற்குப் புள்ளி இல்லை.

‘தமிழில் இல்லாத ஒன்று’ என்று எழுதினீரே, அந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது. ஆர் உமக்கு இதைச் சொல்லித் தந்தது? ‘ஐ’ உருபு வரும் இரண்டாம் வேற்றுமையைச் சோதனைக்குப் பாடமாக்கிவிட்டு அதோடு மறந்துவிடுகிறோமே என்று சில நாட்களாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். உம்முடைய கடிதமும் அதைத்தான் தொடுகிறது.

‘தேத்தண்ணி குடித்தாள்’, ‘தேத்தண்ணியைக் குடித்தாள்’. இரண்டும் ஒன்றா? முதலாவதில் எந்தத் தேத்தண்ணி என்ற கேள்வியே எழாது. இரண்டாவது, அம்மா ஊற்றி வைத்த, சொல்பவருக்கும் கேட்பவருக்கும் தெரிந்த தேத்தண்ணி. ஆங்கிலத்தில் முதலாவது ‘ஷீ ட்ராங்க் டீ’, இரண்டாவது ‘ஷீ ட்ராங்க் த டீ’. ‘ஒரு புத்தகம் வாங்கினாள், புத்தகத்தை அண்ணாவுக்குக் கொடுத்தாள்’ என்பதில் ‘ஒரு’ வந்த இடம் ‘எ புக்’, ‘ஐ’ வந்த இடம் ‘த புக்’. பேசத் தொடங்கிய நாளிலிருந்து நீர் பிழைவிடாமல் செய்துவருகிற வேலை இது.

அதே ‘ஐ’தான் உம்முடைய மற்றச் சிக்கலுக்கும் காரணம். ‘பூனை நாயைத் துரத்தியது’, ‘நாயைப் பூனை துரத்தியது’. எப்படி மாற்றினாலும் ஓடுவது நாய்தான், உருபு அதைக் காட்டிக்கொடுக்கிறது. ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு அந்த உருபு இல்லை. ‘த கேட் சேஸ்ட் த டாக்’ என்பதில் பெயர்களை இடம் மாற்றினால் பூனை ஓடத் தொடங்கிவிடும். ஆகவே ஆர், என்ன செய்தார், எதை, எங்கே, எப்போது என்ற வரிசையில் எழுதும்: ‘ஷீ போட் எ புக் இன் ஜாஃப்னா யெஸ்டர்டே’. ‘யெஸ்டர்டே’ முன்னுக்கும் வரலாம். வினைக்கும் ‘எதை’க்கும் நடுவில் மட்டும் எங்கே, எப்போது, எவ்வளவு என்பவற்றை நுழைக்காதேயும். ‘ஐ லைக் வெரி மச் மேங்கோஸ்’ பிழைப்பது அங்கேதான். ‘வெரி மச்’ கடைசிக்குப் போக வேண்டும்.

இந்த வழி கைகொடுக்காத இடங்களும் உண்டு. ஆட்களுக்குப் பெரும்பாலும் ‘ஐ’ வரும்: ‘ஒரு பொடியனைக் கண்டேன்’. அங்கே ‘ஒரு’வைப் பார்த்து ‘எ’ போடும். எழுவாய்க்கு ‘ஐ’ வராது, ‘அந்த’ சேர்த்துப் பாரும், பொருந்தினால் ‘த’ போடும். காத்துநின்ற பஸ் வந்தால் அது ‘த பஸ்’.

‘அப்பா ஆசிரியர்’ என்பதில் தமிழ் ஒன்றும் கேட்காது, ஆங்கிலம் கேட்கும். எண்ணக்கூடிய ஒருமைப் பெயர் அங்கே வெறுமனே நிற்காது: ‘எ டீச்சர்’, ‘அன் எஞ்சினியர்’. ‘அன்’ வருவது ஒலியைப் பார்த்து, எழுத்தைப் பார்த்தல்ல: ‘அன் அவர்’ (an hour), ஆனால் ‘எ யுனிவர்சிட்டி’. ஊர்ப்பெயருக்கு ‘த’ வேண்டாம். ‘த நோர்தர்ன் ப்ரொவின்ஸ்’ என்பதற்கு வேண்டும்.

நாளுக்குப் பத்து வசனம், உதயன் பேப்பரிலிருந்து எடும். வினைக்கு ஒரு கோடு, ‘ஐ’க்கு வட்டம், ‘ஒரு’வுக்குச் சதுரம் போட்டுவிட்டு ஆங்கிலத்தில் எழுதும். ஒரு மாதம் கழித்து அனுப்பும், திருத்தித் தருகிறேன்.