“போட்டுட்டேன்மா” என்கிறான், பேனாவில் மருந்து குறையவில்லை

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. இரண்டு வருடமாக டைப் 1 சர்க்கரை. தினமும் நான்கு வேளை இன்சுலின். லேபில் ரத்தம் எடுக்கும்போது முகம் வெளுத்து மயங்கி விழுகிறான். இப்போது வீட்டிலும் “போட்டுட்டேன்மா” என்கிறான். இன்சுலின் போடும் ஊசிப் பேனாவைப் பார்த்தால் மருந்து குறையவே இல்லை. ஃபுட்பால் ஆடி முட்டியைப் பெயர்த்துக்கொண்டு வந்து சிரிப்பவன், இந்தச் சின்ன ஊசிக்கு ஏன் இப்படி? அவன் அப்பா கடலுக்குப் போனால் வர நாலைந்து நாள் ஆகும். நான் ஒருத்தி என்ன செய்வது?
– ஒரு தாய், காசிமேடு

பதில்: அம்மா, முதலில் இன்றைக்கே செய்ய வேண்டியது. பயம் தெளியட்டும், அப்புறம் போடலாம் என்று இன்சுலினைத் தள்ளிவைக்க முடியாது. இனி கொஞ்ச நாளைக்கு நான்கு வேளையும் நீங்களே போடுங்கள், அல்லது பக்கத்தில் உட்கார்ந்து போட வையுங்கள். வாந்தி, வயிற்றுவலி, ஆழமாக வேகமாக மூச்சு வாங்குவது, வாயில் பழ வாசனை, இவற்றில் எது தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். ராயபுரத்தில் ஸ்டான்லி மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான்.

பொய் சொன்னதற்காகச் சண்டை போடாதீர்கள். “ஆம்பளப் பையன் ஊசிக்குப் பயப்படறியா?” என்று ஒருவர் கேட்டிருந்தால் போதும், 15 வயதில் பயத்தை மறைக்கத்தான் தோன்றும். இந்தப் பிள்ளைகளோடு வேலை செய்கிற எனக்கு, பயத்தைவிட அந்த வெட்கம்தான் அதிகக் கவலை தருகிறது.

அவனுக்கு இருப்பது இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள். ரத்தம் எடுக்கும்போது வரும் மயக்கம் உடம்பின் வேலை. மற்ற பயங்களில் நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் ஏறும். ஊசி, ரத்தம் பார்த்து மயங்குகிறவர்களுக்கு அப்படி ஏறியது சட்டென்று இறங்கிவிடும்; மூளைக்கு ரத்தம் குறைந்து கண் இருட்டும். முட்டியைப் பெயர்த்துக்கொண்டு சிரிப்பவனுக்கும் இது வரும். பல குடும்பங்களில் இது வழிவழியாக வருவது. சொந்தத்தில் விசாரியுங்கள், ஒரு மாமாவோ சித்தப்பாவோ இருக்கலாம். அவர் வாயால் சொல்லக் கேட்டால் பையனுக்குப் பாதி பாரம் இறங்கும்.

இதற்கு ஒரு பயிற்சி உண்டு. உட்கார்ந்தபடி இரண்டு கை, கால், வயிறு எல்லாவற்றையும் இறுக்க வேண்டும், கயிற்றை முழு பலத்தோடு இழுப்பதுபோல. 10, 15 விநாடியில் முகத்தில் சூடு ஏறும். அப்போது விட்டுவிட்டு, அரை நிமிடம் சும்மா இருந்து, மறுபடியும் இறுக்க வேண்டும். இப்படி ஐந்து முறை. வீட்டில் ஒரு வாரம் தினமும் பழகட்டும். லேபில் ஊசி குத்தும் கையை மட்டும் தளர்வாக விட்டு மற்றதை இறுக்கட்டும். படபடப்பு மட்டும் வந்து மயங்காத பிள்ளைக்கு இது வேண்டாம். மெதுவாக மூச்சை வெளியே விட்டால் போதும்.

வீட்டில் இன்சுலினைத் தவிர்ப்பது வேறு கதை. சட்டையைத் தூக்கச் சொல்லி வயிற்றைத் தடவிப் பாருங்கள். ஒரே இடத்தில் ரப்பர் மாதிரி கட்டி தட்டுப்படுகிறதா? பயப்படுகிற பிள்ளைகள் மரத்துப்போன இடத்தைக் கண்டுபிடித்து அங்கேயே குத்துவார்கள். வலிக்காது, ஆனால் மருந்து சரியாகச் சேராது, சர்க்கரை தாறுமாறாக ஏறி இறங்கும். கட்டி இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். நல்ல இடத்துக்கு மாறும்போது அளவைக் குறைக்க வேண்டி வரலாம், அதை அவர்தான் சொல்ல வேண்டும்.

வலியையும் குறைக்கலாம். 4 மில்லிமீட்டர் ஊசி போதும், பெரியவர்களுக்கும் அதுதான். ஒரே ஊசியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் முனை மழுங்கி வலிக்கும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த ஜில் மருந்து எரியும். அரை மணி நேரம் வெளியே வைத்துப் போடுங்கள். விரலில் குத்தும்போது நடுவில் வேண்டாம், ஓரத்தில் குத்தட்டும்.

அப்புறம் படிப்படியான பழக்கம். இதை மருந்து போடும் நேரத்தோடு கலக்காதீர்கள், தனியாக ஒரு கால் மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு நாள் மூடிய பேனாவைக் கையில் வைத்திருப்பான். அடுத்து மூடியைத் திறந்து ஊசியைப் பார்ப்பான். அப்புறம் சாத்துக்குடியில் குத்திப் பார்ப்பான். அந்த ஊசியை எறிந்துவிட வேண்டும். பயத்துக்கு 10-க்கு எத்தனை மார்க் என்று கேளுங்கள். 8 என்றால் அங்கேயே இருங்கள். 3, 4-க்கு இறங்கிய பிறகுதான் அடுத்த படி. அவசரப்படுத்தினால் முதல் படிக்கே திரும்ப வேண்டிவரும். நிஜ ஊசி நேரத்தில் எந்தப் பக்கம், உட்கார்ந்தா நின்றா, யார் ஒன்று இரண்டு எண்ணுவது, எல்லாம் அவன் முடிவு. போடலாமா வேண்டாமா என்பது மட்டும் பேச்சுக்கே வரக்கூடாது.

“வலிக்கவே வலிக்காது” என்று சொல்லாதீர்கள். வலித்தால் அடுத்த முறை உங்களை நம்ப மாட்டான். “சுருக்குன்னு இருக்கும், மூணு எண்ணுறதுக்குள்ள முடிஞ்சிடும்” என்பது போதும். அடங்காத சின்னதுகளை “டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போட்டுடுவேன்” என்று மிரட்டுவதையும் வீட்டில் எல்லோரும் நிறுத்த வேண்டும்.

லேபுக்குப் போகும் நாளில் தண்ணீர் நன்றாகக் குடிக்கட்டும். வெறும் வயிற்றில் எடுக்கும் பரிசோதனைக்கும் தண்ணீர் கூடும். மரத்துப்போகச் செய்யும் லிக்னோகைன்–ப்ரிலோகைன் களிம்பு அவனுக்குச் சரியா என்று டாக்டரிடம் முன்பே கேளுங்கள். அது வேலை செய்ய ஒரு மணி நேரம் ஆகும். லேபில் போய்ப் பூசினால் பிரயோஜனமில்லை. காசிமேட்டில் கிளம்பும்போதே இரண்டு முழங்கை மடிப்பிலும் பூசி, மேலே பிளாஸ்டிக் ஒட்டிவிடுங்கள். “நரம்பு கிடைக்கல” என்று இரண்டாவது கையைத் தேடுவது நடப்பதுதான். உள்ளே நுழைந்ததும் சிஸ்டரிடம், “இவன் மயங்குவான், படுக்க வெச்சு எடுங்க” என்று சொல்லுங்கள். அதை அவன் வாயாலேயே சொல்ல முடிந்தால் இன்னும் நல்லது. நான்கு பேர் சேர்ந்து கையைப் பிடித்து அழுத்த மட்டும் விடாதீர்கள்.

ஒரு மாதம் இப்படிச் செய்தும் நகரவில்லை என்றால், சர்க்கரை டாக்டரிடமே மனநல நிபுணருக்குச் சீட்டு எழுதித் தரச் சொல்லுங்கள். அதுவரை ராத்திரியில் தனியாகத் தவித்தால் அரசின் மனநல உதவி எண் 14416-ஐ அழைக்கலாம், காசு கிடையாது, தமிழில் பேசுவார்கள். அப்பா கரைக்கு வந்ததும் இதை அவரிடம் நீங்கள் சொல்ல வேண்டாம். அந்த இறுக்கிப் பிடிக்கும் பயிற்சியை மகனே அவருக்குச் செய்து காட்டட்டும்.