சவுண்டு லாம்ப் எரிந்தால் உறுமல்: கோளாறு சப்ளையிலா, ஆம்ப்ளிஃபயரிலா?

கேள்வி: எங்கள் திரைப்படச் சங்கத்தின் பழைய 35 மி.மீ. புரொஜெக்டரில், பிலிம் ஓடாதபோதும் சவுண்டு லாம்ப் (பிலிமின் ஒலித்தடத்தைப் படிக்க ஒளி தரும் விளக்கு) எரிந்தாலே ஸ்பீக்கரில் உறுமல் கேட்கிறது. 10 வோல்ட், 5 ஆம்பியர் லாம்ப்பைப் புதிதாக மாற்றியும் பயனில்லை. லாம்ப்பைக் கழற்றிவிட்டு அளந்தால், அதற்கு மின்சாரம் தரும் சப்ளைப் பெட்டியில் 14 வோல்ட் காட்டுகிறது. ஆம்ப்ளிஃபயரை மாற்ற வேண்டுமா?

பதில்: ஆம்ப்ளிஃபயரில் கை வைப்பதற்கு முன் ஒரு துண்டு அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டாரை நிறுத்திவைத்து, லாம்ப் எரியும்போது அதற்கும் சவுண்டு டிரம்முக்கும் (பிலிம் சுற்றிச் செல்லும் ஒலி உருளை) இடையே ஒளியை அட்டையால் மறையுங்கள். உறுமல் உடனே நின்றுவிட்டால் அது ஒளியின் வழியாகவே, ஒளியை மின்சைகையாக மாற்றும் ஃபோட்டோசெல்லுக்குள் நுழைகிறது என்று பொருள். குற்றவாளி லாம்ப்பின் சப்ளைதான். மறைத்த பின்னும் தொடர்ந்தால் ஃபோட்டோசெல் கேபிளையும் எர்த் இணைப்பையும் பாருங்கள், ஆம்ப்ளிஃபயரின் முறை அதற்குப் பிறகுதான். பழைய ஃபோட்டோசெல்களுக்கு 90 வோல்ட் அளவில் மின்னழுத்தம் வரும் என்பதால், அந்தப் பக்கம் மின்சாரத்தைத் துண்டித்த பிறகே கை வைக்க வேண்டும்.

நீங்கள் அளந்த 14 வோல்ட் எதையும் நிரூபிக்கவில்லை. சுமை, அதாவது லாம்ப், இல்லாதபோது சப்ளையில் மின்சாரத்தைச் சீராக்கும் மின்தேக்கி உச்ச மின்னழுத்தத்துக்கு ஏறி நின்றுவிடும். செத்துக்கொண்டிருக்கும் சப்ளைகூட அப்போது நல்ல எண்ணைக் காட்டும். லாம்ப் எரியும்போது, ஹோல்டரின் முனைகளிலேயே அளக்க வேண்டும். சப்ளையின் முனையில் 10 வோல்ட்டும் ஹோல்டரில் 9 வோல்ட்டும் இருந்தால், துருவேறிய ஹோல்டரோ தளர்ந்த திருகோ இடையில் விழுங்குகிறது: 5 ஆம்பியர் ஓடும் வழியில் 0.2 ஓம் தடை இருந்தாலே 1 வோல்ட் போய்விடும். ஒளி அதைவிட வேகமாகக் குறையும். மின்னழுத்தம் 10 சதவீதம் இறங்கினால் ஒளி ஏறத்தாழ 30 சதவீதம் இறங்கி ஒலியும் மங்கும்.

அடுத்து மல்டிமீட்டரை ஏசி நிலைக்கு மாற்றி, அதே இடத்தில் சிற்றலையை, அதாவது டிசியில் மிஞ்சியிருக்கும் ஏற்ற இறக்கத்தை, அளவிடுங்கள். உறுமலின் சுருதியும் ஒரு துப்பு தரும். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் முழு அலை ரெக்டிஃபயர் (ஏசியை டிசியாக மாற்றும் பகுதி) சரியாக வேலை செய்து, மின்தேக்கி மட்டும் வறண்டிருந்தால் 100 ஹெர்ட்ஸ் உறுமல் கேட்கும். நான்கு டயோடு கொண்ட பிரிட்ஜ் ரெக்டிஃபயரில் ஒரு டயோடு இணைப்பு அறுந்து திறந்துவிட்டால் அது 50 ஹெர்ட்ஸுக்கு இறங்கி, லாம்ப்பின் மின்னழுத்தமும் கூடவே குறையும்.

மின்தேக்கியை மட்டும் பெரிதாக்கினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். 10,000 மைக்ரோஃபாரட் மின்தேக்கியிலிருந்து 5 ஆம்பியரை 10 மில்லிசெகண்டுக்கு இழுத்தால் 5 வோல்ட் சரியும், அதாவது லாம்ப்பின் மின்னழுத்தத்தில் பாதி. பழைய சப்ளைப் பெட்டிகளில், சிற்றலையைத் தடுக்கும் கனமான கம்பிச்சுருளான சோக் இருப்பது இதனால்தான். டிரான்ஸ்ஃபார்மரும் சோக்கும் நன்றாக இருந்தால், மின்தேக்கிகளையும் ரெக்டிஃபயரையும் மாற்றி அந்தப் பெட்டியையே காப்பாற்றுவது என் விருப்பம்.

ஒரு எச்சரிக்கை: உள்ளே தகடு தகடாக அடுக்கிய செலினியம் ரெக்டிஃபயர் இருந்து, அதன் இடத்தில் சிலிக்கன் பிரிட்ஜ் வைத்தால், சிலிக்கனில் இழப்பு குறைவு என்பதால் மின்னழுத்தம் ஏறி லாம்ப் விரைவில் கருகிவிடும். தொடரில் சிறு தடையம் சேர்த்தோ, டிரான்ஸ்ஃபார்மரில் குறைந்த மின்னழுத்தம் தரும் இணைப்பு முனைக்கு (டேப்) மாற்றியோ ஹோல்டரில் 9.5 வோல்ட் வருமாறு அமையுங்கள். அந்த 5 சதவீதக் குறைப்பில் ஒலியில் பெரிய வேறுபாடு தெரியாது. லாம்ப்போ ஏறத்தாழ இரு மடங்கு காலம் உழைக்கும்.

பெட்டி தேறாது என்றால் மின்னழுத்தத்தைத் திருத்தி வைக்கக்கூடிய எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்சிங் முறையில் இயங்கும் நவீன மின்சப்ளை) பொருத்தலாம். குளிர்ந்த இழையின் தடை, எரியும்போது உள்ளதில் பத்தில் ஒரு பங்குதான். அதனால் 5 ஆம்பியர் மட்டுமே தரும் சப்ளை லாம்ப்பை ஏற்ற முயன்று, தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளக்கூடும். 10 ஆம்பியர் திறனுள்ளதை வாங்கி, ஃபோட்டோசெல் கேபிளிலிருந்து விலக்கிப் பொருத்துங்கள்.