பிளேட்லெட்டை பிரிட்ஜ்ல வைக்கலாமா?

கேள்வி: தம்பிக்கு ரத்தப் புற்றுநோய், கீமோ ஓடுது டாக்டர். போன வாரம் பிளட் பேங்க்ல சிவப்பணு பை ஒண்ணு, பிளேட்லெட் பை ஒண்ணு வாங்கினேன். ரெண்டையும் ஐஸ் பாக்ஸ்ல வைக்கப் போனேன், பிளேட்லெட்டை வைக்கவே கூடாதுன்னு டெக்னீசியன் சத்தம் போட்டுட்டார். ஆனா அமெரிக்காவுல பிரிட்ஜ்லயே 14 நாள் வைக்கிறாங்கன்னு படிச்சேனே, எது சரி? – வாசகி, திண்டுக்கல்

பதில்: அவர் சத்தம் போட்டதை மனசுல வச்சுக்காதீங்கம்மா, அந்த பை வீணாகிடக் கூடாதேங்கிற பதற்றம்தான். நீங்க படிச்சதும் உண்மைதான்.

பிளேட்லெட்னா ரத்தத்தை உறைய வச்சு கசிவை நிறுத்துற அணு. முன்னெல்லாம் அதையும் பிரிட்ஜ்லதான் வச்சாங்க. 1969ல மர்ஃபி, கார்ட்னர்னு ரெண்டு அமெரிக்க டாக்டர்கள், ரூம் டெம்பரேச்சர்ல வச்சா உடம்புக்குள்ள போனப்புறம் ரொம்ப நாள் தாங்குதுன்னு காட்டினாங்க. அதுலேர்ந்துதான் 20-24 டிகிரில, மெஷின்ல ஆட்டிக்கிட்டே வைக்கிறது. ஆனா அந்தச் சூட்டுல கிருமியும் வளரும், அதான் 5 நாள் கணக்கு.

குளிர் பட்டா என்ன ஆகுதுன்னா, தட்டு மாதிரி இருக்கிற அணு உருண்டையாகி முள்ளு முள்ளா நீட்டிக்கும், அதோட மேல்தோல்ல இருக்கிற புரதமெல்லாம் ஒண்ணா கூடிக்கும், அதைப் பார்த்ததும் கல்லீரல் இது பழசுன்னு புடிச்சு வெளியேத்திடும், ஒண்ணு ரெண்டு நாள்ல பெரும்பாலும் காலி. உங்க தம்பிக்கு இப்போ ரத்தம் கசியல, கீமோவுல பிளேட்லெட் புதுசா ஊறாததால அதோட எண்ணிக்கை விழாம சில நாள் தாங்கணும், அவ்ளோதான். அவருக்கு குளிர்ந்தது உதவாது.

அதே முள்ளுதான் அடிபட்டு ரத்தம் கொட்டுறவங்களுக்கு நல்லது, ஏற்கெனவே பாதி முழிச்சுக்கிட்ட அணுங்கிறதால காயத்துல உடனே ஒட்டும், ரத்தம் நின்னா போதும், அப்புறம் நாலு நாள் இருக்கணும்னு அவசியம் இல்ல. அதனாலதான் அமெரிக்க ராணுவம் இதுல முனைப்பா இருந்துச்சு, போர்முனைக்கு 5 நாள் சரக்கை எப்படிக் கொண்டு போறது? 2023 ஜூன்ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 1-6 டிகிரில 14 நாள் வரைக்கும் வழி விட்டுச்சு, அதுவும் ரத்தப்போக்கு இருக்கிறவங்களுக்கு, வழக்கமான பிளேட்லெட் கிடைக்காதப்போ, இல்ல குடுக்கத் தோதுப்படாதப்போ மட்டும். நம்ம கிராமப்புற விபத்து, பிரசவ ரத்தப்போக்கையெல்லாம் நினைச்சா இது இங்கயும் வரணும்னுதான் எனக்கு ஆசை.

அடுத்த தடவை சிவப்பணு பையை மட்டும் ஐஸ் பாக்ஸ்ல வைங்க. பிளேட்லெட்டை ஐஸ் இல்லாத தனிப் பெட்டில, வெயில் படாம, வழில எங்கயும் நிக்காம கொண்டு போய் நர்ஸ் கையில குடுத்துடுங்க, வார்டு பிரிட்ஜ்லயும் வைக்க வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க.