ஐஆர் தேர்வுக்கு வீட்டுக் கம்ப்யூட்டரில் பழகுவது உதவுமா?

பெங்களூரு ஜக்கூர் பக்கம் அறை எடுத்துத் தங்கி சிபிஎல் (வணிக விமானி உரிமம்) படிக்கும் நீங்கள், வீட்டு சிமுலேட்டரில் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்குக்கு (ஐஆர்; வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதி) தயாராகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக. ஆனால் அந்த நேரத்தை, பறந்த நேரத்தைக் குறிக்கும் லாக்புக்கில் எழுத முடியாது. விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ அனுமதித்த சிமுலேட்டருக்கே கணக்கு உண்டு.

வீட்டில் பழக வேண்டியது கை அல்ல, தலை. எக்ஸ்-பிளேன் என்ற சிமுலேட்டர் மென்பொருளைத் திறந்து, வெளியே எதுவும் தெரியாதபடி மேகத்தால் மூடிவிட்டு, ஹோல்டிங் (ஒரு புள்ளியைச் சார்ந்து நீள்வட்டமாகச் சுற்றிக் காத்திருப்பது) போடுங்கள். பெரும்பாலானோர் திணறுவது இங்கேதான். 14,000 அடி வரை, காற்று இல்லாதபோது, அந்தப் புள்ளியிலிருந்து விலகிப் போகும் அவுட்பவுண்ட் லெக் 1 நிமிடம்; காற்று தள்ளினால் அந்த நேரத்தைக் கூட்டிக் குறைத்துச் சரிக்கட்ட வேண்டும். அந்தச் சுற்றுக்குள் நுழையும் மூன்று முறைகளில், எந்தப் பக்கமிருந்து வந்தால் டைரக்ட், எப்போது பேரலல், எப்போது டியர்டிராப் என்பதைக் காகிதத்தில் வரைந்து வரைந்து பாருங்கள். சிமுலேட்டரை நிறுத்தி யோசிக்கலாம், வானத்தில் அது நடக்காது.

அப்புறம் தேவனஹள்ளியில் உள்ள பெங்களூரு விமான நிலையத்தின் ஐஎல்எஸ் (ரேடியோ சமிக்ஞை வழிகாட்ட ஓடுதளத்துக்கு இறங்கும் முறை). அதற்கான வழிப்படமான சார்ட்டை ஏர்போர்ட்ஸ் அத்தாரிட்டி தளத்திலிருந்தே எடுங்கள். 3 டிகிரி சரிவில் இறங்க, தரைவேகத்தை 5-ஆல் பெருக்குங்கள்: 90 நாட் என்றால் நிமிடத்துக்கு 450 அடி. ஐஎல்எஸ் கருவியின் ஊசியைத் துரத்தாமல் இந்த எண்ணைப் பிடியுங்கள். ஓடுதளமே சுமார் 3,000 அடி உயரம் என்பதால், தரையைத் தொடும்போதும் கியூஎன்எச் (கடல்மட்டத்துக்கான காற்றழுத்தம்) வைத்த உயரமானியான ஆல்டிமீட்டர் அதைத்தான் காட்டும்.

லேண்டிங்கை மட்டும் இதில் பழகாதீர்கள். ஜாய்ஸ்டிக் தரும் உணர்வு வேறு. நாற்காலியும் அசையாது. திரும்பாதபோதும் திரும்புவதாகக் காது ஏமாற்றும் அந்த அனுபவம் விமானத்தில்தான் வரும்.