ஒரே டாங்கிள், ஒவ்வொரு கருவியிலும் ஒரு தொல்லை: பெரிய ஆம்ப் வாங்க வேண்டுமா?

கேள்வி: விரல் நீளத்தில் ஒரு யுஎஸ்பி-சி ஹெட்ஃபோன் ஆம்ப் (ஒலியைப் பெருக்கித் தரும் டாங்கிள்) வாங்கினேன். 3.5 மி.மீ. வெளியீடு, 2 வோல்ட் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. ஹெட்ஃபோன் சென்ஹைசர் எச்டி 600. ஆண்ட்ராய்டு போனில் சத்தம் போதவில்லை. சில சமயம் போன் அதைக் கண்டுகொள்வதே இல்லை. லேப்டாப்பில் நன்றாக இருக்கிறது, ஆனால் சார்ஜர் போட்டால் இரைகிறது. மனைவியின் ஐபோன் 13-லும் வீட்டு பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) கேம் கருவியிலும் வேலையே செய்யவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டுப் பெரிய ஆம்ப் வாங்கிவிடலாமா? (வாசகர், கோவை)

பதில்: வேண்டாம். லேப்டாப்பில் அதே ஹெட்ஃபோன் நன்றாகப் பாடுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆம்புக்குச் சக்தி இல்லையென்றால் அங்கேயும் பாடியிருக்காது. நீங்கள் சொல்லும் ஐந்து தொல்லைகளுக்கும் காரணம் வேறு வேறு. பெரிய ஆம்ப் வாங்கினால் ஐந்தும் அப்படியே கூடவே வரும்.

பெயர்தான் ஆம்ப். உள்ளே இருப்பது ஒரு முழு சவுண்ட் கார்டு. டிஜிட்டலை அனலாக் ஆக்கும் சிப்பும், அதற்குப் பின்னால் சின்ன ஆம்பும் இருக்கின்றன. போனில் உள்ள சவுண்ட் சிப்புக்கு இதில் வேலையே இல்லை. அதனால் போன் இதற்கு மூன்று விஷயம் செய்தாக வேண்டும்: 5 வோல்ட் மின்சாரம் கொடுக்க வேண்டும், இதை ஒரு ஆடியோ கருவி என்று புரிந்துகொள்ள வேண்டும், இதன் வால்யூமைச் சரியாகக் கையாள வேண்டும். ஒவ்வொரு கருவியும் இதில் ஏதோ ஒன்றில் சறுக்குகிறது.

முதலில் சத்தம். வால்யூம் இங்கே ஒரே இடத்தில் இல்லை. பாட்டு ஆப்பில் ஒன்று, போனில் ஒன்று, டாங்கிளின் சிப்புக்குள் ஒன்று. மொட்டைமாடித் தொட்டியின் வால்வைப் பாதி மூடிவிட்டுச் சமையலறைக் குழாயைத் திருகுகிற கதைதான். சிப்புக்குள் இருக்கும் வால்யூமை லேப்டாப்பும் ஐபோனும் தாங்களே ஏற்றி இறக்கும். பல ஆண்ட்ராய்டு போன்கள் அதைத் தொடுவதில்லை. டாங்கிள் விழித்தெழும்போது எந்த அளவில் இருந்ததோ அங்கேயே விட்டுவிட்டு, தங்கள் பக்கத்து வால்யூமை மட்டும் கூட்டிக் குறைக்கும். ஆப்பிளின் யுஎஸ்பி-சி டாங்கிள் இதற்குப் பேர்போனது. ஐபேடில் 1 வோல்ட் வரை கொடுக்கும் அதே பொருள், ஆண்ட்ராய்டில் முழு வால்யூம் வைத்தாலும் முனகும். ஐரோப்பாவில் விற்கும் வகையின் உச்சமே அதில் பாதிதான் என்பது தனிக் கதை.

செய்ய வேண்டியது இது. ஹெட்ஃபோனைக் காதிலிருந்து கழற்றிக் கீழே வையுங்கள். பாட்டு ஆப்பில் ஈக்வலைசரை அணைத்துவிடுங்கள். எல்லாப் பாட்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவரும் 'நார்மலைசேஷன்' வசதியையும் அணையுங்கள். இவை இரண்டும் சத்தத்தைச் சத்தமில்லாமல் குறைப்பவை. சாம்சங் என்றால் 'மீடியா வால்யூம் லிமிட்' போட்டிருக்கிறதா என்று பாருங்கள். டாங்கிளின் உடம்பிலேயே வால்யூம் பட்டன் இருந்தால், போனை முக்கால் பங்குக்கு மேல் வைத்துவிட்டு மீதியைப் பட்டனில் சரிசெய்யுங்கள். பட்டன் இல்லையென்றால் தயாரிப்பாளரின் ஆப் உண்டா என்று பாருங்கள். சில டாங்கிள்களின் உள் வால்யூமை அதில் ஒருமுறை ஏற்றிவிட்டால் நினைவில் வைத்துக்கொள்ளும். அதுவும் இல்லையென்றால் யுஎஸ்பி ஆடியோ பிளேயர் ப்ரோ மாதிரி, ஆண்ட்ராய்டின் ஆடியோ பாதையைத் தாண்டி டாங்கிளிடம் நேராகப் பேசும் ஆப் வேண்டும். காசு கொடுத்து வாங்குவதுதான், ஆனால் புது ஆம்பை விட எவ்வளவோ மலிவு. அந்த ஆப்பில் பாடுவதற்கு மட்டுமே இந்த வழி உதவும். யூடியூப் பழையபடிதான் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. உள் வால்யூமை ஏற்றிவைத்த டாங்கிளைப் பிடுங்கி லேப்டாப்பில் செருகினால் முதல் நொடியே காது கிழியலாம். எந்தக் கருவிக்கு மாற்றினாலும் முதலில் டாங்கிள், அடுத்து வால்யூமைப் பார்ப்பது, கடைசியில்தான் ஹெட்ஃபோன் காதுக்கு.

சில சமயம் போன் கண்டுகொள்ளவில்லை என்கிறீர்களே, அது பெரும்பாலும் ஓடிஜி அமைப்பு, அதாவது செருகிய கருவிக்குப் போன் மின்சாரம் கொடுத்து அதை ஓட்டும் வசதி. ஒப்போ, ரியல்மி, ஒன்பிளஸ், விவோ போன்களில் பல மாடல்களுக்கு இது தனி சுவிட்ச். சும்மா விட்டால் 10 நிமிடத்தில் தானாக அணைந்துவிடும் மாடல்களும் உண்டு. செட்டிங்ஸில் 'ஓடிஜி' என்று தேடி ஆன் செய்துவிட்டு டாங்கிளைச் செருகுங்கள். டெவலப்பர் ஆப்ஷன்ஸை எப்போதாவது திறந்திருந்தால் 'டிஸேபிள் யுஎஸ்பி ஆடியோ ரூட்டிங்' அங்கே ஆஃபில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது ஆனில் இருந்தால் டாங்கிள் விளக்கு எரியும், சத்தம் மட்டும் போனின் ஸ்பீக்கரில் வரும்.

இரண்டும் சரியாக இருந்தும் விட்டு விட்டு வருகிறது என்றால் டார்ச் அடித்து சார்ஜிங் துளையைப் பாருங்கள். பேன்ட் பாக்கெட்டின் பஞ்சு அடியில் அழுந்தி, அட்டை மாதிரி கெட்டியாகியிருக்கும். பின் முழுசாக இறங்காது, 'க்ளிக்' வராது. போனை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் ஓரமாகச் சுரண்டி எடுங்கள். ஊக்கு, ஊசி வேண்டாம்.

இதே இடத்தில் இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். கடையில் நூறு, நூற்றைம்பது ரூபாய்க்குத் தொங்கும் சி-டைப் ஹெட்ஃபோன் கன்வெர்ட்டர்களில் சிலவற்றின் உள்ளே சிப்பே கிடையாது, வெறும் கம்பிதான். யுஎஸ்பி-சி வழியாக அனலாக் ஒலியை அனுப்பும் போன்களில் மட்டும் அது பாடும். கண்டுபிடிப்பது எளிது: லேப்டாப்பில் செருகுங்கள், சவுண்ட் பட்டியலில் புதிதாக ஒரு பெயர் வரவில்லையென்றால் அது கம்பி.

ஐபோன் 13-இல் இருப்பது லைட்னிங் துளை. வீட்டிலிருக்கும் சி-டு-லைட்னிங் சார்ஜிங் கேபிளால் டாங்கிளை இணைக்க முடியாது. அந்த கேபிளில் ஐபோன் மின்சாரம் வாங்கும், கொடுக்காது. ஆப்பிளின் லைட்னிங் டு யுஎஸ்பி 3 கேமரா அடாப்டர் வேண்டும், அல்லது டாங்கிள்களுக்கென்றே விற்கும் லைட்னிங் ஓடிஜி கேபிள் வேண்டும். கேமரா அடாப்டரில் இருப்பது பழைய அகலமான யுஎஸ்பி-ஏ துளை, ஆக சி-டு-ஏ கன்வெர்ட்டர் ஒன்றும் சேர்ந்துகொள்ளும். டாங்கிள் அதிக மின்சாரம் கேட்கிறது என்று திரையில் செய்தி வந்தால், அடாப்டரின் பக்கத்திலுள்ள லைட்னிங் துளையில் சார்ஜரைச் செருகினால் ஓடும். இத்தனையும் சேர்ந்து பாக்கெட்டில் ஒரு சங்கிலியாகத் தொங்கும். எனவே ஐபோன் 13-க்கு ஆப்பிளின் சாதாரண லைட்னிங் ஹெட்ஃபோன் அடாப்டரும் குறைந்த சக்தியிலேயே நன்றாகப் பாடும் இயர்ஃபோனும் போதும் என்பதே எங்கள் கருத்து. 2023-இல் வந்த ஐபோன் 15 முதல் சி-டைப் என்பதால் இந்தத் தலைவலி கிடையாது, நேராகச் செருகலாம். எந்த ஐபோனானாலும் 'ஹெட்ஃபோன் சேஃப்டி'யில் 'ரெட்யூஸ் லவுட் ஆடியோ' ஆனில் இருந்தால் அது தன் கணக்குக்குச் சத்தத்தை அமுக்கும். எந்த ஹெட்ஃபோன் மாட்டியிருக்கிறது என்று அதற்குத் தெரியாது, எச்டி 600 மாதிரி மின்தடை அதிகமான 300 ஓம் ஹெட்ஃபோனுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

பிஎஸ்5 விவகாரம் மொழி சம்பந்தப்பட்டது. யுஎஸ்பி ஆடியோ பேசும் மொழியில் யுஏசி 1, யுஏசி 2 என்று இரண்டு தலைமுறை பரவலாகப் புழக்கத்தில் இருக்கின்றன. முதலாவது 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸோடு நிற்கும். இன்றைய டாங்கிள்கள் 384-ம் அதற்கு மேலும் விளம்பரப்படுத்துவதற்காக இரண்டாவதில் பேசுகின்றன. பிஎஸ்5-க்கு முதலாவது மட்டுமே புரியும். உங்கள் டாங்கிளின் கையேட்டில் 'யுஏசி 1.0' அல்லது 'கேம் மோட்' என்று ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். ஆப்பிலோ பட்டனிலோ மாற்றிவிட்டால் பிஎஸ்5 உடனே ஹெட்செட்டாக ஏற்றுக்கொள்ளும். அப்புறம் செட்டிங்ஸ், சவுண்ட், ஆடியோ அவுட்புட் போய் எல்லா ஒலியும் ஹெட்ஃபோனுக்கு என்று வையுங்கள். அந்த வசதி டாங்கிளில் இல்லையென்றால் வழியில்லை. எக்ஸ்பாக்ஸ் இந்த வகை டாங்கிளை ஏற்பதே இல்லை. டிவியின் யுஎஸ்பி துளையும் பெரும்பாலும் பென்டிரைவுக்குத்தான். ஆண்ட்ராய்டு டிவியில் ஒருமுறை செருகிப் பார்க்கலாம், அதற்கு மேல் மெனக்கெட வேண்டாம்.

விண்டோஸ் யுஏசி 2-ஐத் தானாகப் புரிந்துகொண்டது 2017-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பிலிருந்து. அதற்கு முந்தைய கம்ப்யூட்டர் என்றால் தயாரிப்பாளரின் டிரைவரை நிறுவ வேண்டும். மேக்கிலும் லினக்ஸிலும் எதுவும் நிறுவ வேண்டியதில்லை. லினக்ஸில் சத்தம் குறைவாகத் தோன்றினால் டெர்மினலில் ஆல்ஸாமிக்ஸர் திறந்து, எஃப்6 அழுத்தி டாங்கிளைத் தேர்ந்தெடுத்து அதன் உள் வால்யூமை ஏற்றுங்கள். விண்டோஸில் மீட்டிங் அழைப்பு வந்ததும் பாட்டு திடீரென்று அமுங்கினால் அது கோளாறல்ல. சவுண்ட் கண்ட்ரோல் பேனலின் 'கம்யூனிகேஷன்ஸ்' பகுதியில் 'டூ நத்திங்' என்று மாற்றினால் நின்றுவிடும்.

சார்ஜர் இரைச்சலுக்கு வருவோம். சார்ஜரைப் பிடுங்கியதும் நின்றுவிடுகிறது என்றால் குற்றவாளி மின்சாரப் பக்கம்தான். இரண்டு முள் சார்ஜர்களிலும், எர்த் கம்பி இல்லாத பிளக் பாயிண்டில் போட்ட மூன்று முள் சார்ஜர்களிலும், லேப்டாப்பின் உலோக உடல் எர்த்தோடு ஒட்டாமல் மிதக்கும்; விரலால் மெல்ல வருடினால் சிலிர்ப்பது போலத் தெரியும். அந்தக் கசிவு யுஎஸ்பியின் தரைக்கம்பி வழியே டாங்கிளுக்குள் போகிறது. மூன்று முள் சார்ஜரை எர்த் உள்ள வேறொரு பாயிண்டில் போட்டுப் பாருங்கள், லேப்டாப்பின் மறுபக்க யுஎஸ்பி துளையையும் முயலுங்கள். இரண்டும் பலிக்கவில்லையென்றால் கேட்கும் நேரம் பேட்டரியில் ஓட்டுவதே சுலபம். கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்று ஒன்று விற்கிறார்கள். டாங்கிளிலிருந்து ஸ்பீக்கருக்கோ காரின் ஆக்ஸ் துளைக்கோ போகும் வயரில் அது அருமையாக வேலை செய்யும். ஹெட்ஃபோனுக்கு முன்னால் போடாதீர்கள். அதிலுள்ள சின்ன டிரான்ஸ்ஃபார்மரால் ஹெட்ஃபோனை ஓட்ட முடியாது, தாழ்ந்த ஒலி (பாஸ்) காணாமல் போகும். போனில் 'டிட் டிட் டிட்' என்று விட்டுவிட்டு வந்தால் அது வேறு, போனின் ரேடியோ அலை. ஏர்ப்ளேன் மோடில் போட்டதும் நின்றால் உறுதி. டாங்கிளைப் போனின் முதுகோடு சேர்த்து ஒட்டாமல் தள்ளி வைத்தால் குறையும்.

பேட்டரியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். டாங்கிள் 100 மில்லிஆம்பியர் இழுத்தால் அரை வாட். 5000 எம்ஏஎச் போன் பேட்டரியில் இருப்பது சுமார் 19 வாட்-மணி. ஆக மணிக்கு மூன்று சதவீதம் போகும். பாடாமல் செருகியே கிடந்தாலும் கொஞ்சம் இழுக்கும், கழற்றிவிடுங்கள். தொட்டால் வெதுவெதுப்பாக இருப்பது இயல்பு.

கடைசியாக, சக்தி போதுமா என்ற கணக்கு. எச்டி 600-க்கு சென்ஹைசர் தரும் அளவு 1 வோல்ட்டுக்கு 97 டெசிபெல். வோல்ட் இரட்டித்தால் 6 டெசிபெல் கூடும், ஆக உங்கள் 2 வோல்ட் டாங்கிளின் உச்சம் 103. பாட்டின் சராசரி அந்த உச்சத்துக்குச் சுமார் 15 முதல் 20 டெசிபெல் கீழே ஓடும் என்று வைத்தால் 85 பக்கம் வருகிறது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் எல்லை வாரத்துக்கு 80 டெசிபெல்லில் 40 மணி நேரம். உங்கள் டாங்கிள் ஏற்கெனவே அந்த எல்லையைத் தாண்டக்கூடியது. பெரிய ஆம்ப் உண்மையிலேயே வேண்டியது ஹைஃபைமேன் எச்இ-6 மாதிரி ஹெட்ஃபோனுக்கு: 50 ஓம், ஒரு மில்லிவாட்டுக்கு 83.5 டெசிபெல். இசையின் உச்சங்களில் 110 டெசிபெல்லைத் தொட அதற்கு 450 மில்லிவாட் பக்கம் வேண்டும். 2 வோல்ட் டாங்கிள் அதற்குக் கொடுக்கக்கூடியது 80.

பின்னாளில் 4.4 மி.மீ. பேலன்ஸ்டு டாங்கிளுக்கு மாறினால், அந்தத் துளையில் சாதாரண 3.5 ஹெட்ஃபோனை மாட்டும் கன்வெர்ட்டரை மட்டும் வாங்கிவிடாதீர்கள். பேலன்ஸ்டில் இடது, வலது இரண்டின் மைனஸ் முனையையும் தனித்தனி ஆம்ப் ஓட்டுகிறது, 3.5 பின்னில் அவை இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து ஷார்ட் ஆகும், டாங்கிள் போய்விடலாம். மாறாக, 4.4 வயருள்ள ஹெட்ஃபோனை 3.5 துளையில் போடும் கன்வெர்ட்டரால் ஆபத்தில்லை.